சீனத்து மண்சட்டிச் சோறு: கரண்டியை எடுக்கும் முன் கேட்க வேண்டியவை

தென்காசி மாவட்டத்தில் மேலநீலிதநல்லூர், சங்கரன்கோவில், கடையநல்லூர் வட்டாரங்களில் சிங்கப்பூர் என்பது நமக்கு அந்நியமான பெயர் அல்ல. கடையநல்லூர்க்காரர்கள் அங்கே குடியேறி, 1941லேயே சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற அமைப்பைத் தொடங்கிவிட்டார்கள். இன்றும் வேலைக்கும் படிப்புக்கும் பிள்ளைகளைப் பார்க்கவும் நம்மவர்கள் போய்வருகிறார்கள்.

போனவர்கள் கண்ணில் முதலில் படுவது உணவங்காடி நிலையங்கள்தாம். ஒரே கூரையின் கீழ் சீனர், மலாய்க்காரர், இந்தியர் கடைகள் அடுத்தடுத்து இருக்கும். இந்த உணவங்காடிக் கலாசாரம் 2020இல் யுனெஸ்கோவின் பட்டியலில் இடம்பெற்றது. அங்கே நம் பிள்ளைகள் ஆசையாகக் கேட்கும் உணவுகளில் ஒன்று சீனத்து மண்சட்டிச் சோறு. சாப்பிடலாமா, கூடாதா? விவரம் தெரிந்துகொண்டால் பதில் எளிது.

தென்சீனாவின் கான்டன் பகுதி உணவு இது. ஊறவைத்த அரிசியைச் சிறு மண்சட்டியில், பழைய முறைக் கடைகளில் கரி அடுப்பில், ஆளுக்கொரு சட்டியாக வேகவைக்கிறார்கள். தண்ணீர் வற்றும் நேரத்தில், இஞ்சியும் சோயா சாஸும் சேர்த்துப் பிசறிய கோழி, காளான், உப்புக் கருவாடு ஆகியவற்றை மேலே வைத்து மூடுவார்கள். இறைச்சியின் சாறு சோற்றில் இறங்கும். அடியில் பொன்னிறமாகக் காந்தல் பிடிக்கும். இறக்கியதும் கறுப்பு சோயா சாஸ் ஊற்றிக் கிளறித் தருவார்கள். தயாராக இருபது, முப்பது நிமிடம் ஆகும். நம் வீடுகளில் சட்டியின் காந்தலுக்குப் பிள்ளைகள் போட்டி போடுவதுபோல், அங்கும் காந்தல்தான் ருசியின் உச்சம்.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை ஐந்து.

ஒன்று, செந்நிறத் துண்டுகளாக மேலே கிடக்கும் 'லாப் சியோங்' என்ற சீன உலர் இறைச்சிக்குழல். இது பெரும்பாலும் பன்றி இறைச்சியில் செய்யப்படுவது. இரண்டு, வாசனைக்காகச் சேர்க்கும் பன்றிக் கொழுப்பு. மூன்று, இறைச்சி ஊறவைக்கும் அரிசி மது. சமைத்தால் மது முழுவதும் ஆவியாகிவிடும் என்பது தவறான எண்ணம். நான்கு, கோழி இஸ்லாமிய முறைப்படி அறுக்கப்பட்டதா என்பது. ஐந்து, சட்டி. பன்றி இறைச்சி சமைத்த அதே சட்டியில் நமக்கும் சமைத்தால், அந்தத் துண்டுகளை மட்டும் ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுவது தீர்வாகாது.

பிறருடைய பாத்திரங்களைப் பற்றி அபூ ஸஅலபா (ரலி) அவர்கள் கேட்டபோது, வேறு பாத்திரம் கிடைத்தால் அவற்றில் உண்ண வேண்டாம், கிடைக்காவிட்டால் கழுவிவிட்டு உண்ணுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதை புகாரி, முஸ்லிம் நூல்களில் காண்கிறோம். கேட்டுத் தெளிவது ஸஹாபாக்களின் வழக்கமாகவே இருந்திருக்கிறது.

'பன்றி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை' என்று சில கடைகளில் பலகை வைத்திருப்பார்கள். அது ஹலால் என்பதற்குச் சமம் அல்ல. கோழி அறுக்கப்பட்ட முறையையும் மதுவையும் பற்றி அந்தப் பலகை எதுவும் சொல்வதில்லை. சிங்கப்பூரில் 1968இல் அமைந்த இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ், 1978 முதல் ஹலால் சான்றிதழ் வழங்கிவருகிறது. கடையில் மாட்டியிருக்கும் சான்றிதழின் காலாவதித் தேதியைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் முயிஸ் இணையதளத்தில் சரிபார்க்கலாம். சாப்பிட்ட தட்டுகளைத் திருப்பி வைக்கவும் ஹலால், ஹலால் அல்லாதவை எனத் தனித்தனி அடுக்குகள் உண்டு. இடம் மாற்றி வைத்துவிடாதீர்கள்.

கடைக்காரரிடம் கேட்கத் தயங்க வேண்டாம். பல இனத்தார் சேர்ந்து வாழும் ஊரில் இது அன்றாடக் கேள்வி. முகம் சுளிக்காமல் கேட்டு, இல்லையென்றால் நன்றி சொல்லி நகர்வதே நம் பண்பு. அவருடைய உணவை இழிவாகப் பேசுவதற்கு நமக்கு உரிமை இல்லை.

ஹலால் கடை அமையாவிட்டால் ஆசையை விட்டுவிட வேண்டியதில்லை. ஊரிலேயே செய்யலாம். பழக்கிய மண்சட்டியில், அரை மணி நேரம் ஊறிய ஒரு கப் பச்சரிசிக்கு ஒன்றேகால் கப் தண்ணீர் ஊற்றி வேகவிடுங்கள். எலும்பில்லாத ஹலால் கோழியைச் சிறு துண்டுகளாக்கி இஞ்சி, மிளகு, சோயா சாஸ், நல்லெண்ணெய் சேர்த்து ஊறவையுங்கள். தண்ணீர் வற்றியதும் கோழியைப் பரப்பி, சட்டியின் ஓரமாக ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, மூடி, சிறு தீயில் கால் மணி நேரம் வையுங்கள். கோழி முழுவதும் வெந்ததைப் பார்த்து இறக்குங்கள். சோயா சாஸ் புட்டியிலும் சேர்மானங்களையும் ஹலால் முத்திரையையும் பாருங்கள். ஆய்ஸ்டர் சாஸ் சிப்பியில் செய்வது. ஹனஃபி மத்ஹபினர் சிப்பி உண்பதில்லை என்பதால் அதைத் தவிர்க்கலாம்.

உண்பது ஹலாலாகவும் தூய்மையாகவும் இருக்க வேண்டும் என்றே குர்ஆன் நமக்குச் சொல்கிறது. சீனத்து உணவு என்பதற்காக ஒன்று ஹராம் ஆகிவிடாது. நம்மூர்க் கடையில் விற்பதால் மட்டும் ஹலால் ஆகியும் விடாது. பிள்ளைகளிடம் 'அது வேண்டாம்' என்று மட்டும் சொல்லாமல், என்ன கேட்க வேண்டும், ஏன் கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்போம். நாளை அவர்கள் எந்த ஊரில் தனியாக நின்றாலும் அது கைகொடுக்கும், இன்ஷா அல்லாஹ்.