பன்னிரண்டு விழுந்தால் புலி

மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பழைய ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். பாலை ஸ்டோரில் ஊற்றிவிட்டு, குளித்துச் சாப்பிட்ட பிறகு, லயத்துத் திண்ணையில் பித்தளைத் தாயக்கட்டைகள் இரண்டும் உள்ளங்கைகளுக்குள் கலகலவென உரசி, சிமெண்டுத் தரையில் உருளும் சத்தம். அந்தக் கட்டைகளைக் கொண்டு காய் நகர்த்தலாம். கதையையும் நகர்த்தலாம்.

முதலில் கட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். நான்கு முகங்கள். மூன்றில் ஒன்று, இரண்டு, மூன்று எனப் புள்ளிகள்; நான்காவது வெறுமை. இரண்டு கட்டைகளும் 16 விதமாக விழலாம். அவற்றில் மூன்று விழ 4 வழி. இரண்டுக்கும் நான்குக்கும் 3 வழி. தாயம் எனப்படும் ஒன்றுக்கும் ஐந்துக்கும் 2. ஆறுக்கு ஒன்றே ஒன்று. இரண்டும் வெறுமையாக விழுவதும் ஒரே வழிதான். பூஜ்யம் என்று சொல்ல வேண்டிய அதற்குத்தான் பன்னிரண்டைத் தூக்கிக் கொடுத்தார்கள்! மறு ஆட்டம் கிடைப்பது எவற்றுக்கு? தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு. அரிதாக விழுபவை எவையோ அவற்றுக்கே. இதை வகுத்தவர் கணக்கில் புலி.

காய் நகர்த்துவது இருக்கட்டும், கதை நகர்த்துவதைப் பார்க்க இனி அமெரிக்காவுக்கு ஒரு நடை. 1974-இல் கேரி கைகேக்ஸும் டேவ் ஆர்னெசனும் ‘டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டார்கள். மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, கதையை வளர்க்கும் ஆட்டம். நடத்துபவர் கதைசொல்லி. அன்றைய விதிப்படி, பாத்திரங்கள் நிலவறைக்குள் அலையும்போது, கதைக்குள் பத்து நிமிடம் கழியும்தோறும் ஆறுமுகப் பகடை உருளும். ஆறு விழுந்தால் ஏதோ ஒன்று எதிரே வரும். இதுதான் தற்செயல் சந்திப்பு. சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே நின்றால் உருட்டலும் கூடும், ஆபத்தும் கூடும். வெறும் பகடையை வைத்துக் காலத்துக்கு விலை போட்டுவிட்டார்கள்.

ஒரு மணி நேரத்துக்கு ஆறு உருட்டல். ஆறில் ஒரு வாய்ப்பு என்றால் ஒரு முறையாவது வந்தே தீரும் என்றுதானே தோன்றுகிறது? இல்லை. சராசரியாக மூன்று மணி நேரத்தில் ஒரு மணி நேரம் ஒன்றுமே வராமல் கழியும். தாயத்துக்கு எட்டில் ஒரு வாய்ப்பு. எட்டு முறை உருட்டியும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத் தாயம் விழாது. "எனக்கு மட்டும் விழவே மாட்டேங்குது" என்று புலம்புபவருக்கு ராசியில் குறையில்லை, கணக்கே அப்படி.

சரி, வருவது யார்? அதைச் சொல்வது பட்டியல். அதற்கு நம் தாயக்கட்டையையே உருட்டுவோம். சுங்கை சிப்புட் பக்கம், ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட ஒரு தோட்டம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று விழுந்தால் காட்டுப்பன்றிக் கூட்டம், அது அன்றாடம். இரண்டுக்குச் செம்பனைக் குலை ஏற்றிய லாரி. நான்குக்குப் பேய்மழை. ஐந்துக்கு நாகம். தாயத்துக்கு, ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டு நின்றுபோய் எத்தனையோ ஆண்டான களத்தில் மணியோசை. ஆறுக்கு, பாழடைந்த முனியாண்டி கோயிலில் யாரோ ஏற்றிய விளக்கு. பன்னிரண்டுக்குப் புலி, வடக்கே பெலும் காட்டில் அது இன்றும் உண்டு.

பட்டியலை மாற்றினால் காலமே மாறிவிடும். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் அருகே தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள், கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிராக மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. கதை அந்த ஆண்டில் என்றால், மூன்று விழும்போது எதிரே வரவேண்டியது ரோந்துப் படை. இருட்டில் ஐந்து விழுந்தால் யார் என்று கேட்கவும் பயம்.

அந்த அமெரிக்க ஆட்டத்தின் பழைய விதிகளில் இன்னொரு நுட்பம் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. வந்தவரின் மனநிலைக்கும் ஓர் உருட்டல் உண்டு. இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை 5 வரை பகை, 9 முதல் நட்பு, இடையில் என்றால் தயக்கம். 36 வழிகளில் 16 தயக்கத்துக்கே. பன்றிக் கூட்டம் வருகிறது. பகடை நட்பு என்கிறது. பன்றி நட்பாகுமா? கதைசொல்லியே விழிக்கிறார். பிறகு சொல்கிறார்: கூட்டத்துக்குப் பின்னால், கையில் ரப்பர்ப் பால் பிடிக்கும் மங்கோடு ஒரு சிறுவன் நடந்து வருகிறான். யார் அவன்? பட்டியலில் அவன் இல்லை.

பரணில் பாட்டியின் தாயக்கட்டை கிடந்தால் எடுத்துப் புளி போட்டுத் துலக்குங்கள். பட்டியலுக்கு நீங்கள் எழுத வேண்டியது ஏழே வரிகள்.