தீவகத்துக் கிணறும் அரசாங்கக் கொள்கையும்

காரைதீவு என முன்னர் வழங்கிய காரைநகர், பொன்னாலைத் தாம்போதியினால் யாழ்ப்பாணக் குடாநாட்டுடன் இணைக்கப்பட்டதாகும். கடலுக்கு அங்கே குறைவில்லை, நன்னீருக்கே குறைவு. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலில் நிற்கும் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1658 இல் ஒல்லாந்தரிடம் ஒப்புவித்ததும் குடிநீர் அற்றுப் போனமையினாலேயே. ஆகவே தண்ணீர்த் துன்பம் தீவகத்துக்குப் புதியதன்று. அத்துன்பம் ‘பொதுக்கொள்கை’ ஆகும் வழி யாது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

ஒரு வீட்டுக் கிணறு உவர்த்தால் அது அவ்வீட்டாரின் கவலை. பல ஊர்க் கிணறுகள் உவர்த்து, அக்குறை அரசாங்கத்தின் கவனத்துக்கு எட்டி, ‘இதற்கு ஏதேனும் செய்தாக வேண்டும்’ என்ற நிலை பிறக்கும்போதே அது பொதுப் பிரச்சினையாகின்றது. பிரச்சினையை வரையறுத்தல், மாற்று வழிகளை ஒப்புநோக்கல், தீர்மானித்தல், நடைமுறைப்படுத்தல், விளைவை மதிப்பிடுதல் எனக் கொள்கை ஆய்வாளர் இம்முறையைப் படிபடியாக வகுப்பர். அமெரிக்க அறிஞர் ஹரல்ட் லாஸ்வெல் 1951 அளவில் இத்துறைக்கு அடிகோலினார். ஏணியில் ஏறுவதுபோல இப்படிகளை ஒழுங்காக ஏறிய அரசாங்கம் உலகில் உண்டோ என்பது ஐயமே. 1959 இல் சார்ள்ஸ் லின்ட்புளொம் என்பார், அரசாங்கங்கள் நேற்றுச் செய்ததில் சிறிது மாற்றியே இன்று செய்கின்றன என எடுத்துக்காட்டினார். கோடைதோறும் தீவுகளுக்குப் பவுசரில் தண்ணீர் அனுப்பும் வழக்கம் அதற்கு நல்ல உதாரணம்.

படிகளுள் முதலாவதே முதன்மையானது. வினாவை எப்படிக் கேட்கின்றோமோ அப்படியே விடையும் அமையும். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. வடகீழ்ப் பருவக் காற்றுத் தரும் மழை சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கி, கீழுள்ள உவர்நீரின்மேல் நன்னீர்ப் படலமாக மிதக்கின்றது. தீவுகளில் அப்படலம் மிக மெல்லியது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலெழும். இதனை ‘நீர் இல்லாத நாடு’ என்று வரையறுத்தால், வெளியிலிருந்து நீர் கொணரவேண்டும் என்பதே விடை. ‘பெய்த நீர் கடலுக்கு ஓடும் நாடு’ என்று வரையறுத்தால், ஓடுவதைத் தடுத்து வைத்தல் விடையாகும்.

நீர்ப்பாசனப் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் 1954 இல் முன்வைத்த திட்டம் இரண்டாவது வரையறையில் எழுந்தது. இரணைமடுக் குளத்தைக் கடந்து வரும் கனகராயன் ஆறு ஆனையிறவுக் கடனீரேரியில் விழுகின்றது. அவ்வேரியை அணைகட்டி நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சிக் கடனீரேரிக்கும், அங்கிருந்து உப்பாற்றுக்கும் நீரைச் செலுத்தி, குடாநாட்டு நிலத்தடி நீரை ஊட்டுவதே அவர் கருத்து. ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என மக்கள் அதனைப் போற்றினர். 1960 களில் வேலைகளும் நடந்தன. ஆனால் முள்ளியான் வாய்க்கால் முற்றுப்பெறவில்லை, கிழக்கே சுண்டிக்குளத்து அணையும் வெள்ளத்தில் உடைந்தது. தீர்மானம் வேறு, நிறைவேற்றம் வேறு. திறப்பு விழாவுக்குக் கிடைக்கும் பணமும் ஊக்கமும் பராமரிப்புக்குக் கிடைப்பதில்லை.

போர் முடிந்த பின்னர், 2010 இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியுடன் யாழ்ப்பாணம், கிளிநொச்சி நீர்வழங்கல் திட்டம் எழுந்தது. இம்முறை வரையறை வேறு: குழாய்வழிக் குடிநீர், அதற்கு ஊற்று, இரணைமடு. கடலுக்குச் செல்லும் உபரி நீரன்று, குளத்து நீரே கேட்கப்பட்டது. கிளிநொச்சி உழவர் எதிர்த்தனர். குளத்தை உயர்த்தினால் நீர் பெருகும், இருபாலார்க்கும் போதும் என்று கணக்குச் சொல்லப்பட்டது. வானம் பொய்க்கும் ஆண்டில் முதலில் யாருக்கு என்ற கேள்விக்கு அக்கணக்கு உழவர் நம்பத்தக்க விடை தரவில்லை. கொள்கை ஆய்வில் நன்மையின் மொத்தத் தொகை மட்டும் பார்த்தல் போதாது. நன்மை யாருக்கு, இழப்பு யாருக்கு என்பதைப் பிரித்துப் பார்த்தல் வேண்டும். இங்கு குடிப்பவர் ஓரிடத்தார், இழக்க அஞ்சியவர் வேறிடத்தார். இருவரும் தமிழர், இருவர் கோரிக்கையும் நியாயமானது. உழவரைப் பிடிவாதக்காரர் என ஏசியோர் இதனை எண்ணியிலர்.

ஈற்றில் மாற்று வழியாகக் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் தெரிவாயிற்று. வடமராட்சி கிழக்கில் தாளையடியில் அமைந்து, 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட அந்நிலையம் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீரைத் தரவல்லது. உழவரின் அச்சம் நீங்கிற்று; ஆனால் எஞ்சும் செறிந்த உப்புநீர் கடலிற் சேர்வதால் மீன்வளம் கெடுமோ என்று அக்கரை மீனவர் அஞ்சினர். நுண்ணிய சவ்வினூடே கடல்நீரை அழுத்திச் செலுத்த மின்சாரமும் மிகுதியாக வேண்டும். இழப்பு மறையவில்லை; வயலிலிருந்து கரைக்கும், கரையிலிருந்து மின்கட்டணத்துக்கும் இடம் பெயர்ந்தது. மதிப்பீடு செய்வோர் இம்மூன்றையும் ஒரே ஏட்டில் எழுதவேண்டும்.

அரசாங்கம் செய்யத் தெரிவது மட்டுமன்றி, செய்யாது விடத் தெரிவதும் கொள்கையே என்றார் தோமஸ் டை. துலா மிதித்த காலத்தில் மனித உடலின் களைப்பே இறைப்புக்கு எல்லை வகுத்தது. நீரிறைக்கும் இயந்திரம் களைப்பதில்லை. தோட்டத்துப் பசளையும் மலக்குழியும் நிலத்தடி நீரில் நைத்திரேற்றை ஏற்றுகின்றன. கிணறு அவரவர் சொத்து, அடியிலுள்ள நன்னீரோ எல்லார்க்கும் ஒன்று. ஆற்றுக்கும் குளத்துக்கும் கடலுக்கும் பெருந்திட்டங்கள் எழுந்தன. ஒரு கிணற்றிலிருந்து எவ்வளவு இறைக்கலாம் என்ற சிறு கேள்விக்கு அத்தகைய கவனம் கிடைத்ததில்லை.