மணவூர் வழியாகப் போன தண்ணீர் ரயில்

சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் மின்சார ரயிலில் ஏறி, ஜன்னல் ஓரமாக ஓர் இடம் பிடித்துக் கொள்ளுங்கள். திருவள்ளூர் தாண்டியதும் பட்டணத்து வாடை மெல்ல மெல்லக் குறையும். கடம்பத்தூர், செஞ்சிப் பனம்பாக்கம் என்று ஸ்டேஷன்கள் ஒவ்வொன்றாக வந்து போகும். அதற்கு அடுத்தது மணவூர். அதற்கும் அடுத்தது, காரைக்கால் அம்மையார் தலையாலேயே நடந்து சென்றதாகப் புராணம் சொல்லும் திருவாலங்காடு. அரக்கோணம் போய் வடக்கே திரும்பினால் தணிகை வேலன் குடியிருக்கும் திருத்தணி. அதற்கப்பால் ஆந்திர நாடு.

மணவூரில் ரயில் நிற்கும் நேரம் கொஞ்சம்தான். "இந்தச் சிற்றூரில் என்ன விசேஷம் இருந்துவிடப் போகிறது?" என்று கேட்கிறீர்களா? இருக்கிறது. 2019-ஆம் வருஷம் ஜூலை மாதம் 12-ஆம் தேதி இந்த வழியாக ஒரு விசித்திரமான ரயில் போயிற்று. அதில் பிரயாணிகள் இல்லை, நிலக்கரி இல்லை, நெல்லும் இல்லை. ஐம்பது வாகன்களிலும் தண்ணீர்! ஜோலார்பேட்டையில் காவிரி நீரை நிரப்பிக்கொண்டு, அரக்கோணம் வழியாக, வில்லிவாக்கம் போய்ச் சேர்ந்தது அந்த ரயில். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று சென்னைக்குத் தண்ணீர் கொடுக்கும் ஏரிகள் நான்கும் அந்தக் கோடையில் வறண்டு வெடித்துக் கிடந்தன.

ஐம்பது வாகன்களிலும் சேர்த்துத் தண்ணீர் 25 லட்சம் லிட்டர். பெரிய தொகைதான். ஆனால் ஒரு குடியானவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அங்குலம் மழை பெய்தால், அந்தத் தண்ணீர் மட்டும் ஒரு லட்சம் லிட்டருக்குச் சற்று அதிகம். நெற்பயிர் நாற்று விட்டதிலிருந்து அறுவடை வரை சுமார் ஐம்பது அங்குலம் தண்ணீர் குடிக்கும். அப்படியானால், ஒரு முழு ரயில் தண்ணீரைக் கொண்டு எத்தனை ஏக்கர் நெல் விளைவிக்கலாம்? அரை ஏக்கர்!

மனிதனின் தாகத்தை ஏதோ ஒரு விதமாக ரயிலில் கொண்டுவந்து தணித்துவிடலாம். பயிரின் தாகத்தை அப்படித் தணிக்க முடியாது. அதற்கு வானம்தான் கண் திறக்க வேண்டும். திறந்தபோது கொட்டியதைப் பிடித்து வைக்கப் பூமியில் இடமும் இருக்க வேண்டும்.

அழுதும் கெடுத்தது, அழாமலும் கெடுத்தது

இந்தத் தண்ணீர் ரயில் ஓடுவதற்கு நாலு வருஷத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2015 நவம்பரிலும் டிசம்பர் முதல் வாரத்திலும் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. பின்னால் வறண்டு வெடித்த அதே ஏரிகள் அன்று நிரம்பி வழிந்தன. அடையாறு கரை புரண்டது. பட்டணத்தில் படகு விட்டார்கள். பத்திரிகைகள் பட்டணத்தின் படங்களைப் போட்டன. வயல்காட்டின் கதை அவ்வளவாக வெளியே வரவில்லை.

இந்த வட்டாரத்துச் சம்சாரி ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இங்கே நெல்லுக்கு மூன்று பட்டங்கள்: சொர்ணவாரி, சம்பா, நவரை. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் சம்பா. 2015-ல் நம்முடைய சம்சாரி கடன் வாங்கி உழுது நட்டார். மழை வந்தது, வந்துகொண்டே இருந்தது. பயிர் மூழ்கியது. "போகட்டும், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்" என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு, 2016-ல் மறுபடியும் கடன் வாங்கி நட்டார். அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கமான அளவில் ஐந்தில் இரண்டு பங்குகூடப் பெய்யவில்லை! டிசம்பரில் 'வர்தா' புயல் வந்து சென்னையின் மரங்களை வேரோடு சாய்த்ததே தவிர, மழைக் குறையைத் தீர்க்கவில்லை. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி பாதித்ததாக சர்க்கார் அறிவித்தது.

ஒரே வயல்; ஒரே மனிதர்; ஒரு வருஷம் தண்ணீரால் நஷ்டம், மறு வருஷம் தண்ணீர் இல்லாமல் நஷ்டம். கடன் மட்டும் இரண்டு வருஷமும் குறையாமல் வளர்ந்தது.

தண்ணீரில் நிற்கும் பயிர்தானே நெல், அது எப்படி வெள்ளத்தில் சாகும் என்று சில பேருக்குச் சந்தேகம் வரலாம். காலடியில் தண்ணீர் நிற்பது வேறு. தலைக்கு மேல் போவது வேறு. கலங்கல் நீருக்குள் மூழ்கிய பயிருக்குக் காற்றும் இல்லை, வெயிலும் இல்லை. எப்படியாவது தலையை வெளியே நீட்டிவிட வேண்டும் என்று அது அவசர அவசரமாக உயர வளரப் பார்க்கும். அந்த முயற்சியில், சேர்த்து வைத்திருந்த சத்தையெல்லாம் செலவழித்துவிடும். வெள்ளம் வடிந்ததும் நிற்கத் தெம்பில்லாமல் சாய்ந்து அழுகிவிடும்.

வறட்சியின் வழி வேறு. அது மெதுவாகக் கொல்லும். பூக்கும் சமயத்தில் ஒரு வாரம், பத்து நாள் தண்ணீர் இல்லாமல் போனாலும் போதும், மணி பிடிக்காது. தூரத்திலிருந்து பார்த்தால் கதிர் நிமிர்ந்து அழகாகத்தான் நிற்கும். கையில் உருவிப் பார்த்தால் அத்தனையும் பதர்!

தானியம் இருந்தும் பஞ்சம்

மணவூர் வழியாக ஓடும் இந்த இருப்புப் பாதை சாமானியமானதல்ல. தென்னிந்தியாவிலேயே முதன்முதலாகப் பிரயாணிகள் ரயில் ஓடிய பாதை இது. 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை இதில் ரயில் ஓடத் தொடங்கியது. சரியாக இருபது வருஷம் கழித்து வந்தது தாது வருஷத்துப் பஞ்சம்.

1876-ல் மழை பொய்த்தது. அடுத்த வருஷமும் சரியாகப் பெய்யவில்லை. சென்னை ராஜதானி, மைசூர், பம்பாய், ஹைதராபாத் என்று தக்காணம் முழுவதும் பற்றி எரிந்தது. இறந்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். வடசீனத்திலும் பிரேஸில் நாட்டிலும்கூட அதே வருஷங்களில் கொடிய பஞ்சம். பசிபிக் மகாசமுத்திரத்தின் நீர் வழக்கத்துக்கு மேல் சூடாகிவிட்டால் உலகத்தின் பல மூலைகளில் மழை தடம் மாறிப் போகிறது. 'எல் நினோ' என்று அதற்குப் பெயர் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்த சமாசாரம்.

அந்தப் பஞ்சத்தில் தானியமே இல்லாமல் போய்விடவில்லை. கப்பலில் வந்து சென்னைக் கடற்கரையில் மூட்டை மூட்டையாகக் குவிந்தது. ரயிலும் ஏற்றிக்கொண்டு போயிற்று. இந்தியாவிலிருந்து தானிய ஏற்றுமதிகூட நிற்கவில்லை! ஆனால் விளைச்சல் போனதோடு கூலி வேலையும் போய்விட்டபடியால், விலை கொடுத்து வாங்க ஜனங்களிடம் காசு இல்லை. நிவாரண வேலைக்கு வந்து நாள் முழுவதும் மண் சுமந்தவனுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் கொடுத்தால் போதும் என்று ஸர் ரிச்சர்டு டெம்பிள் தீர்மானித்தார். சென்னையின் சுகாதாரக் கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ், இதைத் தின்று மனிதன் உயிர் வாழ முடியாது என்று வாதாடினார். பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதி அந்தப் பஞ்ச காலத்தில், பசித்தவர்களின் கைகளால் வெட்டப்பட்டதுதான்.

மழை பொய்ப்பது இயற்கையின் செயல். அது பஞ்சமாக மாறுவதும் மாறாமல் இருப்பதும் பெரும்பாலும் மனிதர்களின் செயல். தாது வருஷம் நமக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் இது. 1965 ஜனவரி 14-ஆம் தேதி தஞ்சாவூரில் தொடங்கிய இந்திய உணவுக் கழகமும், தமிழ்நாட்டில் எல்லாக் குடும்பங்களுக்கும் கதவு திறந்திருக்கும் ரேஷன் கடையும் அந்தப் பாடத்தைப் படித்ததன் பலன்கள். 2016-ல் மழை அவ்வளவு மோசமாகப் பொய்த்தும் தாது வருஷம் திரும்பி வரவில்லை அல்லவா?

அங்கே காய்ந்தால் இங்கே கொதிக்காது

'நம்முடைய ஊரில் விளைந்தால் போதாதா? உலகத்தைப் பற்றி நமக்கென்ன?' என்று இருந்துவிட முடியுமா? 2010-ஆம் வருஷத்துக் கோடையில் ருஷியாவில் மழையே இல்லாமல் கோதுமை வயல்கள் கருகின. அதே மாதங்களில் பாகிஸ்தானில் சிந்து நதி பெருகி, நாட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பாகம் தண்ணீரில் மிதந்தது. ருஷியாவின் மேலே காற்றோட்டம் நகராமல் தேங்கி நின்றதற்கும் பாகிஸ்தானில் கொட்டிய மழைக்கும் சம்பந்தம் உண்டு என்று விஞ்ஞானிகள் கண்டார்கள். ஒரே காற்று ஓரிடத்தில் காய்ச்சியது, ஓரிடத்தில் மூழ்கடித்தது! ருஷியா கோதுமை ஏற்றுமதிக்குத் தடை போட்டது. உடனே உலகச் சந்தையில் விலை தாவி ஏறியது.

2023 ஜூலையில் அந்தத் தடையை நாமே போட்டோம். பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்று இந்திய சர்க்கார் உத்தரவிட்டது. உலக அரிசி வியாபாரத்தில் சுமார் ஐந்தில் இரண்டு பங்கு இந்தியாவினுடையது. செய்தி வந்த மாத்திரத்தில் அமெரிக்காவில் நம்மவர்கள் இந்தியக் கடைகளில் வரிசையில் நின்று மூட்டை மூட்டையாக அரிசி வாங்கினார்கள்! 2024 செப்டம்பரில்தான் தடை நீங்கியது. பணம் உள்ளவர்கள் இரண்டு மூட்டை அதிகம் வாங்கிவிட்டார்கள். ஆப்பிரிக்காவிலே இந்திய அரிசியை நம்பியிருந்த ஏழைகள் என்ன செய்திருப்பார்கள்? 2024-ஆம் வருஷத்தில் உலகத்தில் சுமார் 67 கோடிப் பேர் அரை வயிறும் கால் வயிறுமாக இருந்தார்கள் என்று ஐக்கிய நாடுகளின் கணக்கு சொல்கிறது.

இனி இந்த ஆபத்து குறையப் போவதில்லை. பூமி சூடேறி வருகிறது. காற்று ஒரு டிகிரி சூடேறினால், அது சுமந்து நிற்கக் கூடிய நீராவி சுமார் 7 சதவிகிதம் கூடுகிறது. ஆகவே பெய்தால் பேய் மழை. பெய்யாத நாளில் மண்ணில் இருக்கிற ஈரத்தையும் அந்தக் காற்றே உறிஞ்சிவிடும். வெள்ளமும் வறட்சியும் விரோதிகள் அல்ல, உடன்பிறப்புகள்!

மருந்து நம் ஊரிலேயே

இதற்குப் பரிகாரம் இல்லையா? இருக்கிறது. ஒன்று விதையில் இருக்கிறது. ஒரிஸ்ஸாவின் பழைய நெல் ரகம் ஒன்று, வெள்ளத்தில் மூழ்கினால் அவசரப்பட்டு வளராமல் மூச்சை அடக்கிக்கொண்டு சும்மா இருக்கும். அந்தக் குணத்துக்குக் காரணமான மரபணுவை 2006-ல் அடையாளம் கண்டார்கள். ஆந்திராவில் பிறந்த 'ஸ்வர்ணா' ரகத்தில் அந்தக் குணத்தைச் சேர்த்து, 'ஸ்வர்ணா சப்-1' என்ற பெயரில் 2009-ல் விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். இரண்டு வாரம் மூழ்கிக் கிடந்தாலும் அது பிழைத்து எழுகிறது. பாட்டன் காலத்து நெல்தானே என்று அந்தப் பழைய விதையைத் தூக்கி எறிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இன்னொரு மருந்து, ரயில் ஜன்னலிலிருந்தே உங்கள் கண்ணில் படும்: ஏரிக்கரை. தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள். கொசஸ்தலையாறு வருஷத்தில் சில நாள்தான் பெருகும் என்பதை நம் முன்னோர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். ஆகவே மேட்டு ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாக வழிந்தால் அது அடுத்த ஏரிக்குப் போகும்படி சங்கிலி கோத்தார்கள். கொட்டுகிற மழையின் வேகத்தை ஏரி தடுக்கும். காய்கிற நாளில் மதகைத் திறந்து பயிரைக் காக்கும். சுற்று வட்டாரத்துக் கிணறுகளில் ஊற்று வற்றாமல் பார்த்துக்கொள்ளும். வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் ஒரே மருந்து!

ஏரியைப் பார்த்துக்கொள்ள உத்தரமேரூரில் தனி வாரியமே இருந்ததைப் பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு சொல்லும். கங்கை வரை படை அனுப்பி வென்ற ராஜேந்திர சோழன், கல்லில் வெற்றித்தூண் நாட்டாமல், நீராலேயே ஒரு தூண் நாட்டியதாகச் சோழகங்கம் ஏரியை வர்ணிக்கும் செப்பேடுகள் எங்கே கிடைத்தன தெரியுமா? மணவூருக்கு அடுத்த திருவாலங்காட்டில்!

அந்தப் பரம்பரையில் வந்த நாம் என்ன செய்தோம்? வரத்துக் கால்வாயில் வீடு கட்டினோம். ஏரிக்குள்ளே சீமைக் கருவேலத்தை வளரவிட்டோம். வண்டல் மேடிட்டுப் பாதி ஏரி தூர்ந்த பிறகு, மழை வந்தபோது "வெள்ளம், வெள்ளம்" என்றும், போனபோது "வறட்சி, வறட்சி" என்றும் கூக்குரல் இட்டோம். 2017-ல் குடிமராமத்துக்கு சர்க்கார் மறுபடியும் உயிர் கொடுத்தது நல்ல காரியம். ஆனால் அந்தப் பெயரிலேயே 'குடி' என்று இருக்கிறதே, அது நாம்தான். ஊரார் கை கொடுக்காமல் எந்த ஏரியும் பிழைக்காது.

திருத்தணி மலைக்கு 365 படிகள். வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி என்பார்கள். அடுத்த தடவை தணிகை வேலனைத் தரிசிக்கப் போகும்போது, மேலே நின்று கீழே ஒரு பார்வை பாருங்கள். வயலும் ஏரியும் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் சில நாள் பெய்யும் மழையை வைத்துக்கொண்டுதான் அந்த 365 நாளும் நாம் சாப்பிட வேண்டும். திரும்பி வந்ததும் உங்கள் ஊர் ஏரிக்கரைக்கு ஒரு நடை போய் வாருங்கள். வரத்துக் கால்வாய் திறந்திருக்கிறதா, மதகுப் பலகை உளுத்திருக்கிறதா, கலங்கல் அடைபட்டிருக்கிறதா என்று பார்த்து, நாலு பேரிடம் சொல்லுங்கள். மழை வருவதற்கு முன்னால் சொல்லுங்கள்!