தேமல் என்று விட்டுவிடாதீர்கள்: பிள்ளைகளின் தோலை இறுக்கும் நோய்

குழந்தையின் தொடையிலோ நெற்றியிலோ ஒரு திட்டு. நடுவில் வெளிறியிருக்கும், ஓரத்தில் ஊதா படர்ந்திருக்கும். மாநிறத் தோலில் அந்த ஊதா கண்ணில் படாமலும் போகலாம். வலிக்காது. அதனாலேயே தேமல் என்றும் அடிபட்ட தழும்பு என்றும் களிம்பு தடவியே மாதங்கள் ஓடிவிடுகின்றன. அந்த இடத்தை இரு விரலால் மெல்லக் கிள்ளிப் பாருங்கள். பக்கத்துத் தோல் மடிந்து எழும். இது எழாமல் கெட்டித்திருந்தால் ‘மார்ஃபியா’ என்ற தோல் இறுக்க நோயாக இருக்கலாம்.

இது தொற்றாது. நுரையீரலையும் இதயத்தையும் தாக்கும் ஸ்கிளிரோடெர்மாவாக மாறுவது மிக அரிது. நோய் எதிர்ப்பு ஆற்றல் தடம் மாறுவதால் அழற்சி உண்டாகி, கொலாஜன் என்ற புரதம் தோலில் அளவுமீறிச் சேர்கிறது.

பிள்ளைகளுக்கு அதிகம் வருவது கோடாக ஓடும் வகை. காலில் வந்து தசை, எலும்புவரை இறங்கினால் அந்தக் கால் மட்டும் மெலிந்து குட்டையாகும். மூட்டின் மேல் படர்ந்தால் மடக்கி நீட்ட முடியாது. நெற்றியில் வாள்வெட்டுத் தழும்புபோல இறங்கினால் வலிப்பு வரலாம்; கண்ணுக்குள் அழற்சியும் வரலாம். அது சிவப்போ வலியோ காட்டாமலே பார்வையைக் கெடுக்கும். ஆகவே கண் பரிசோதனை கட்டாயம், தலைக்கு எம்.ஆர்.ஐ.யும் கேட்பார்கள்.

இதை உறுதிசெய்யத் தனி ரத்தப் பரிசோதனை கிடையாது. அனுபவமுள்ள மருத்துவரின் கண்ணும் கையும்தான். சந்தேகம் வந்தால் தோல் துணுக்கு எடுத்து பயாப்ஸி.

மேலோட்டமான சிறு திட்டுக்குக் களிம்பு போதும். ஆழமானதற்கு மெத்தோட்ரெக்சேட், தொடக்கத்தில் சில மாதம் ஸ்டீராய்டு. 70 பேரிடம் நடந்து 2011-ல் வெளியான இத்தாலிய ஆய்வில், ஸ்டீராய்டு மட்டும் பெற்றவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு நோய் திரும்பியது; மெத்தோட்ரெக்சேட்டும் சேர்த்துப் பெற்றவர்களில் மூன்றில் ஒருவருக்குத்தான்.

மெத்தோட்ரெக்சேட் என்றதும் “புற்றுநோய் மருந்தாயிற்றே” என்று பெற்றோர் பதறுவது இயல்பு. இங்கே கொடுக்கும் அளவு புற்றுநோய்க்குக் கொடுப்பதைவிட மிகக் குறைவு. ரத்த அணுக்களையும் கல்லீரலையும் அவ்வப்போது பரிசோதிப்பார்கள், ஃபோலிக் அமிலமும் தருவார்கள். ஆனால் ஒன்றில் தவறவே கூடாது: மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருமுறை மட்டும் எடுக்கும் மருந்து. தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. கிழமையைக் காலண்டரில் எழுதிவையுங்கள்.

திட்டு இளகியதும் நிறுத்திவிடாதீர்கள். நோய் அடங்கிய பிறகும் குறைந்தது ஓராண்டு மருந்து தொடர வேண்டும். பல ஆண்டு கழித்தும் இது திரும்புவதுண்டு. ஆகவே மருந்து நின்ற பிறகும் பரிசோதனைக்குப் பிள்ளையை அழைத்துப் போங்கள்.