15 ஓட்டுல ஜெயிச்ச கங்கா... திருநங்கைகள் ஓட்டு யாருக்கு?

வேலூர் மாநகராட்சி 37-வது வார்டு. 2022 பிப்ரவரியில் நடந்த தேர்தலில் தி.மு.க. சார்பில் நின்ற திருநங்கை கங்கா வெறும் 15 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்து கவுன்சிலர் ஆனார். ஒரு தெருவுல 4 வீட்டுக்காரங்க மனசு மாறியிருந்தா கதையே வேற.

15 ஓட்டு ஒரு வார்டையே புரட்டிப் போடும் என்றால், திருநங்கைகளின் ஓட்டு எங்கே போகிறது? எதைப் பார்த்து அவர்கள் பட்டனை அழுத்துகிறார்கள்?

அமெரிக்காவில் இதற்குத் தனிக் கணக்கே உண்டு. ஓட்டு போட்டுவிட்டு வருகிறவர்களிடம், நீங்கள் ஒரே பாலினத்தவரை விரும்புகிறவரா, திருநங்கையா, திருநம்பியா என்றும் கேட்டு எழுதிக்கொள்வார்கள். 2004 தேர்தலில் அப்படிச் சொன்னவர்களில் 100-க்கு 77 பேர் ஜனநாயகக் கட்சியின் ஜான் கெர்ரி பக்கம். 2024-ல் அதே கட்சியின் கமலா ஹாரிசுக்கு 100-க்கு 86 பேர். காரணம் எளிது. கல்யாண உரிமை, வேலையில் பாகுபாடு போன்ற விஷயங்களில் அங்கே 2 பெரிய கட்சிகளும் ஆளுக்கொரு பக்கம் நிற்கின்றன. எந்தப் பக்கம் தனக்கு நல்லது என்று ஓட்டு போடுகிறவருக்கு சட்டென்று தெரிந்துவிடுகிறது.

நம்ம ஊரில் அப்படி இல்லை. திருநங்கைகள் நலவாரியம் 2008 ஏப்ரலில் கருணாநிதி ஆட்சியில் வந்தது. ரேஷன் கார்டு, அடையாள அட்டை, அரசு ஆஸ்பத்திரியில் இலவச ஆபரேஷன் என்று ஒவ்வொன்றாக நடந்தது. அடுத்து வந்த அ.தி.மு.க. ஆட்சியிலும் வாரியத்தை யாரும் மூடவில்லை. 2021-ல் டவுன் பஸ்சில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றதும், கொஞ்ச நாளிலேயே திருநங்கைகளையும் அதில் சேர்த்தார்கள். எந்தக் கட்சியும் எதிரி என்று வெளிப்படையாக நிற்காததால், ஓட்டும் ஒரே பெட்டியில் விழ வேண்டிய கட்டாயம் இல்லை.

வேட்பாளர்களைப் பார்த்தாலே இது தெரியும். 2014-ல் மதுரை எம்.பி. தொகுதியில் பாரதி கண்ணம்மா சுயேச்சையாக நின்றார். 2016-ல் ஆர்.கே.நகரில் ஜெயலலிதாவை எதிர்த்து நின்ற தேவி, நாம் தமிழர் கட்சி. அப்சரா ரெட்டி 2016-ல் அ.தி.மு.க.வில் சேர்ந்தார், 2019-ல் மகளிர் காங்கிரஸ் பொதுச்செயலாளர் ஆனார், மறுபடி அ.தி.மு.க.வுக்கே வந்தார். 2020 ஜனவரியில் திருச்செங்கோடு ஒன்றிய கவுன்சிலராக ஜெயித்த ரியா, தி.மு.க. ஆக, திருநங்கை என்றாலே இந்தக் கட்சிதான் என்று முத்திரை குத்த முடியாது. மத்தவங்களுக்கு ஜாதி, ஊர், சின்னம், காசு, கோபம் எல்லாம் இருக்கிற மாதிரி அவங்களுக்கும் இருக்கும்.

ஆனால் ஒரு விஷயத்தில் வித்தியாசம் உண்டு. நமக்கு வீடு வாடகைக்கு கிடைப்பது தேர்தல் பிரச்சினை இல்லை. அவர்களுக்கு அதுதான் முதல் பிரச்சினை. பட்டா, தொகுப்பு வீடு, உதவித்தொகை, போலீஸ் தொல்லை. இதில் எதை யார் செய்து கொடுத்தார்கள் என்பதுதான் முன்னால் வந்து நிற்கும்.

பட்டியல்ல பேரே இல்லையே!

உண்மையான சிக்கல் அதற்கும் முன்னாடி இருக்கிறது. 2011 மக்கள் தொகை கணக்கெடுப்பில், குழந்தைகளையும் சேர்த்து தமிழ்நாட்டில் 22 ஆயிரத்து 364 பேர் மூன்றாம் பாலினம் என்று பதிவானார்கள். 2024 எம்.பி. தேர்தலில் வாக்காளர் பட்டியலில் அந்தப் பிரிவில் இருந்தது 8 ஆயிரத்து 467 பேர்தான். நாட்டிலேயே அதிகம் இதுதான் என்பது வேற விஷயம். சிலர் ஆண் என்றோ பெண் என்றோ பதிந்திருக்கலாம். மீதிப் பேர்?

15, 16 வயதில் வீட்டை விட்டு வந்தவருக்கு சர்டிபிகேட்டில் ஒரு பெயர், கூப்பிடுவது ஒரு பெயர். வாடகை வீட்டுக்காரர் எழுதித் தந்தால்தான் முகவரி. 2025 நவம்பரில் தொடங்கிய சிறப்பு தீவிர திருத்தத்தில் 2002, 2005 பட்டியலில் தன் பெயரோ, பெற்றோர் பெயரோ இருக்கிறதா என்று கேட்டார்கள். துரத்திவிட்ட அப்பாவிடம் போய் பாகம் எண், வரிசை எண் கேட்க முடியுமா?

பெயர் இருந்தாலும் பூத்தில் ஆண் வரிசை, பெண் வரிசை. எதில் நின்றாலும் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். 2019-ல் நாடு முழுவதும் மூன்றாம் பாலின வாக்காளர்களில் 100-க்கு 15 பேர்கூட ஓட்டு போடவில்லை. 2024-ல் 48 ஆயிரத்து 272 பேரில் 27 சதவீதம். மொத்த வாக்காளர்களில் அந்த வருஷம் 100-க்கு 66 பேர் போட்டார்கள்.

இதில் கூவாகம் வேறு. 2019-ல் தமிழ்நாட்டில் ஓட்டுப்பதிவு ஏப்ரல் 18, 2024-ல் ஏப்ரல் 19. 2 தடவையும் சித்திரை பவுர்ணமி அதை ஒட்டியே வந்தது. கூத்தாண்டவர் கோவில் திருவிழாவுக்கு கிளம்பிப் போகிறவருக்கு சொந்த பூத் எத்தனை மைல் தள்ளியோ. தேதி குறிக்கிறவர்கள் இதை யோசித்தார்களா தெரியாது.

கணக்கிலேயே வராதவர்கள்

ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் விரும்புகிறவர்களுக்கு பட்டியலில் கட்டமே கிடையாது. இருக்கவும் வேண்டாம், அது அவரவர் சொந்த விஷயம். 2018 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அது குற்றம் இல்லை என்றது. 2023 அக்டோபரில், கல்யாணத்தை கோர்ட்டால் அங்கீகரிக்க முடியாது, சட்டம் போடுவது பாராளுமன்றத்தின் வேலை என்றது. அதோடு பந்து அரசியல் கட்சிகள் கைக்கு வந்துவிட்டது. 2024 தேர்தல் அறிக்கையில் இப்படி சேர்ந்து வாழ்கிறவர்களை சட்டப்படி அங்கீகரிப்போம் என்று காங்கிரசும், மார்க்சிஸ்ட் கட்சியும் எழுதின. பா.ஜனதா அறிக்கையில் திருநங்கைகளுக்கு தங்கும் இல்லம், ஆயுஷ்மான் காப்பீடு. அமெரிக்கா மாதிரி பக்கம் பிரிவது இப்போதுதான் மெல்ல ஆரம்பித்திருக்கிறது.

பெயர் சேர்க்க விரும்பும் திருநங்கைகள், திருநம்பிகளுக்கு: படிவம் 6-ல் மூன்றாம் பாலினம் என்று தனிக் கட்டம் உண்டு. அப்பா பெயர்தான் எழுத வேண்டும் என்பதில்லை. உறவினர் என்ற இடத்தில் குருவின் பெயரை எழுதலாம் என்று படிவத்திலேயே இருக்கிறது. ஏற்கனவே உள்ள பெயர், பாலினத்தை மாற்ற படிவம் 8.