அரிசிப் பானை லாக்கர்!

லாக்கர் என்றதும் உங்களுக்கு பேங்க்தானே ஞாபகம் வருகிறது? ஆழ்வார்குறிச்சியில் எங்க ஆச்சிக்கு வீடு பூரா லாக்கர்தான். நோட்டு அரிசிப் பானையில், சில்லறை அஞ்சறைப் பெட்டியில், கைச்செலவுக்கு இடுப்பிலே சுருக்குப் பை. பஸ்ஸுக்குக் காசு கேட்டால் வெந்தய வாசனையோடு வரும். (பி.காமில் 'பெட்டி கேஷ்' பாடம் நடத்தியபோது, அஞ்சறைப் பெட்டியைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்தவன் நான்!)

நெல்லுக்குக் குலுக்கை. மண்ணால் ஆளுயரத்துக்குச் செய்து, மேலே நெல்லைக் கொட்டி, கீழே சின்ன ஓட்டையில் துணியை அடைத்திருப்பார்கள். காரும் பிசானமும் விளைகிற தாமிரபரணிப் பக்கத்தில் அதுதான் அசல் பொக்கிஷம். திருடன் வந்தாலும் குலுக்கையைத் தூக்கிக்கொண்டு ஓட முடியுமா? விடிஞ்சு போகும்!

நகைக்கு கனத்த மரப்பெட்டி. அதிலே திண்டுக்கல் பூட்டு. பெட்டிக்கு மேலே பாய் விரித்து தாத்தா. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நிஜமாகக் காவல் காத்த தாத்தாவின் குறட்டைக்கு யாரும் சிபாரிசு செய்யவில்லை.

1897-ல் பம்பாயில் பூட்டு செய்ய ஆரம்பித்த கோத்ரெஜ், 1923-ல் இரும்பு பீரோவில் இறங்கியது. அது எங்க தெருவுக்கு வந்து சேர்ந்தபோது எனக்கே மீசை முளைத்துவிட்டது.

ஒருநாள் பக்கத்துத் தெருவில் திருட்டு. தாத்தா பயந்துபோய் ஆச்சியின் அட்டியலை பேங்க் லாக்கரில் வைத்துவிட்டு வந்தார். பிடித்தது சனி! "கண்ணால பாக்க முடியாத நகை இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? தங்கச்சி கல்யாணத்துக்கு வித்துட்டு கதை விடுதிய" என்று ஆச்சி பத்து வருஷம் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். ரோஷக்காரத் தாத்தாவும் கடைசிவரை கூட்டிப்போய்க் காட்டவில்லை.

தாத்தா போனபிறகுதான் தெரிந்தது, நாமினி பெயரே எழுதவில்லை. வாரிசுச் சான்றிதழ், கையெழுத்து, ஜாமீன் பத்திரம் என்று அப்பா மாதக்கணக்கில் அலைந்தார். கல்யாணமான தம்பிமார்களே, உங்க லாக்கர் சாவி எங்கே இருக்குன்னு வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியுமா?

அப்போதெல்லாம் லாக்கரில் திருட்டுப் போனால், 'உள்ளே என்ன வைத்தீர்கள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?' என்று பேங்க் கையை விரித்துவிடும். 2021-ல் சுப்ரீம் கோர்ட் இதைக் கண்டித்தது. 2022 ஜனவரி 1 முதல் ரிசர்வ் பேங்க் விதி மாறியது. தீ, திருட்டு, ஊழியர் மோசடி போன்றவற்றில் நகை போனால் வருஷ வாடகையைப் போல் 100 மடங்கு வரை பேங்க் தர வேண்டும். வாடகை 2,000 என்றால் 2 லட்சம். இன்றைய தங்க விலைக்கு எத்தனை பவுன் தேறும், நீங்களே கணக்குப் போடுங்க.

கடைசியில் லாக்கர் திறந்தது. தாத்தாவின் பழைய வேட்டித் துண்டில் அட்டியல் பத்திரமாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் ஆச்சி அதை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் அதே துணியில் சுற்றி, அரிசிப் பானைக்குள் வைத்து மூடினாள்.