ஒழிக்கப்படாமலே இல்லாமற்போன சபை

மாகாண சபைகளை எவரும் ஒழிக்கவில்லை. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. மாகாணத்துக்கு ஓர் ஆளுநர் இருக்கிறார், பிரதம செயலாளர் இருக்கிறார், திணைக்களங்கள் இயங்குகின்றன. ஆனால், மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. கிழக்கில் 2017 செப்டெம்பர் இறுதியிலிருந்தும் வடக்கில் 2018 ஒக்டோபரிலிருந்தும் இதுதான் நிலை.

தேர்தல் ஏன் நடக்கவில்லை என்று கேட்டால் "எல்லை நிர்ணயப் பிரச்சினை" என்று ஒரே வரியில் பதில் வரும். அந்த ஒரு வரிக்குள் அரசியலமைப்புச் சட்டத்தின் மிக முக்கியமான ஓர் ஓட்டை மறைந்திருக்கிறது. அந்த ஓட்டையைப் புரிந்துகொள்ளாவிட்டால் நாளை புதிய அரசியலமைப்பில் எதை எழுதிப் பெற்றாலும் அதுவும் இதே வழியால் வெறுமையாக்கப்படலாம்.

இரண்டு நாட்களில் நடந்தது

2017இல் கிழக்கு, வடமத்திய, சப்ரகமுவ ஆகிய மூன்று சபைகளின் பதவிக்காலமும் முடிவடையவிருந்தது. அரசியலமைப்பின் 154உ உறுப்புரையின்படி ஒரு சபையின் ஆயுள், அது முதன்முதலாகக் கூடிய நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள். அன்றைய நல்லாட்சி அரசாங்கம் எல்லாச் சபைகளுக்கும் ஒரே நாளில் தேர்தல் நடத்தப்போவதாகச் சொல்லி, அதற்காக 20ஆவது திருத்தச் சட்டமூலத்தைக் கொண்டுவந்தது. அதன் நடைமுறை விளைவு, முடியவேண்டிய சபைகளின் காலம் நீள்வதும் தேர்தல் தள்ளிப்போவதுமாகும்.

அந்தச் சட்டமூலம் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. மக்களின் வாக்குரிமையைப் பாதிப்பதால், அதை நிறைவேற்ற நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மை மட்டும் போதாது, சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும் என்று நீதிமன்றம் தீர்மானித்தது. 2017 செப்டெம்பர் 19இல் சபாநாயகர் அந்தத் தீர்மானத்தை நாடாளுமன்றத்துக்கு அறிவித்தார். முன்கதவு மூடப்பட்டது.

மறுநாள், செப்டெம்பர் 20இல், வேறொரு சட்டமூலம் விவாதத்துக்கு வந்தது. மாகாண சபைகளில் பெண்களின் பிரதிநிதித்துவத்தை உறுதிப்படுத்துவதற்கென வர்த்தமானியில் வெளியிடப்பட்ட சட்டமூலம் அது. குழுநிலையில் அதற்குள் பக்கம் பக்கமாகத் திருத்தங்கள் செருகப்பட்டன. முழு விகிதாசார முறை நீக்கப்பட்டது. பாதிக்குப் பாதி தொகுதிவாரியும் விகிதாசாரமும் கலந்த புதிய முறை வந்தது. புதிய தொகுதிகளை வரைய எல்லை நிர்ணயக் குழு ஒன்று தேவைப்பட்டது. அந்த வேலை முடியும்வரை தேர்தல் இல்லை. 2017ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் பிறந்த கதை இதுதான்.

தேர்தலைத் தள்ளிப்போட வேண்டுமானால் மக்களிடம் கேள் என்று நீதிமன்றம் சொல்லி ஒரு நாள்தான் கடந்திருந்தது. மக்களிடம் கேட்காமலே தேர்தல் தள்ளிப்போனது.

நீதிமன்றம் ஏன் தடுக்கவில்லை?

இலங்கையில் ஒரு சட்டமூலத்தை அரசியலமைப்போடு ஒப்பிட்டுப் பார்க்க நீதிமன்றத்துக்கு இருக்கும் நேரம் மிகக் குறுகியது. சட்டமூலம் நாடாளுமன்றத்தின் ஒழுங்குப் பத்திரத்தில் இடம்பெற்றதும் சில நாட்களுக்குள் மனுத் தாக்கல் செய்யவேண்டும். அதன்பின்னர் குழுநிலையில் அதற்குள் எதைச் சேர்த்தாலும், சேர்த்ததைப் பரிசோதிக்க மீண்டும் நீதிமன்றம் போக வழியில்லை. சபாநாயகர் கையொப்பமிட்டுச் சான்றுப்படுத்திய பிறகு, அந்தச் சட்டம் செல்லுபடியாகுமா என்று எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது. 80(3) உறுப்புரை அப்படிச் சொல்கிறது.

இந்தியாவில் நிறைவேறிய சட்டத்தையும் நீதிமன்றம் பின்னர் செல்லாதென அறிவிக்கலாம். இங்கே அந்தக் கதவு 1972 அரசியலமைப்போடு அடைக்கப்பட்டு, 1978இலும் அடைக்கப்பட்டே இருக்கிறது. ஆகவே, வர்த்தமானியில் சாதுவாகத் தோன்றும் ஒரு சட்டமூலத்தை வைத்து, குழுநிலையில் அதன் உள்ளடக்கத்தையே மாற்றிவிட முடிகிறது.

இதில் நாம் விழுங்கவேண்டிய கசப்பு ஒன்றும் இருக்கிறது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் அந்தச் சட்டத்துக்கு ஆதரவாகவே வாக்களித்தது. புதிய அரசியலமைப்பு வந்துகொண்டிருக்கிறது, அரசாங்கத்தோடு ஒத்துப்போகவேண்டும் என்பதே அன்றைய கணக்கு. புதிய அரசியலமைப்பு வரவில்லை. இருந்த தேர்தலும் போனது.

பூட்டின் மேல் பூட்டு

எல்லை நிர்ணயக் குழு தன் வேலையை முடித்து அறிக்கை கொடுத்தது. 2018 ஓகஸ்ட் 24இல் அது நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. எதிராக 139 வாக்குகள். ஆதரவாக ஒன்றுகூட இல்லை. அறிக்கையைச் சமர்ப்பித்த அமைச்சர் பைசர் முஸ்தபாவே அதற்கு எதிராக வாக்களித்தார். புதிய தொகுதிகளில் தங்கள் பிரதிநிதித்துவம் குறையும் என்ற முஸ்லிம், மலையகக் கட்சிகளின் அச்சத்தில் நியாயம் இருந்தது. ஆனால், அறிக்கையை நிராகரித்தவர்கள் பழைய முறைக்குத் திரும்பவும் இல்லை.

சட்டத்தின்படி அடுத்த கட்டம், பிரதமர் தலைமையிலான ஐவர் அடங்கிய மீளாய்வுக் குழு. இரண்டு மாதங்களில் அது ஜனாதிபதிக்கு அறிக்கை கொடுக்கவேண்டும். அந்த அறிக்கை வரவில்லை. மீளாய்வு முடியாமல் எல்லைகளை வர்த்தமானியில் வெளியிடலாமா என்று ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 2019இல் உயர் நீதிமன்றத்திடம் அபிப்பிராயம் கேட்டார். முடியாது என்று பதில் வந்தது. பழைய முறையிலும் நடத்த முடியாது, ஏனெனில் பழைய சட்டம் நீக்கப்பட்டுவிட்டது.

பழைய சட்டம் இல்லை, புதிய சட்டம் இயங்காது. இந்த முடிச்சு 2019இலிருந்து அப்படியே கிடக்கிறது. இதற்கிடையில் ஜனாதிபதித் தேர்தல்களும் நாடாளுமன்றத் தேர்தல்களும் நடந்தன. இழுபட்டுக்கொண்டிருந்த உள்ளூராட்சித் தேர்தலும் 2025 மே 6இல் நடந்து முடிந்தது.

சபை இல்லாததால் எதை இழக்கிறோம்?

"இருந்தபோது மட்டும் என்ன செய்தது?" என்ற கேள்வி நம் ஊர்களில் அடிக்கடி கேட்கிறது. நியாயமான கேள்விதான். 2013 செப்டெம்பர் 21இல் வடக்கு மக்கள் 38 ஆசனங்களில் 30ஐக் கூட்டமைப்புக்குக் கொடுத்தார்கள். ஐந்து ஆண்டுகளில் கணிசமான காலம் ஆளுநரோடும் தங்களுக்குள்ளும் மோதுவதில் கழிந்தது. 2017 ஜூனில் முதலமைச்சர் சி.வி.விக்னேஸ்வரனுக்கு எதிராக அவருடைய சபை உறுப்பினர்களே நம்பிக்கையில்லாப் பிரேரணை கையளித்தார்கள். அதிகாரம் குறைவு என்பதும் உண்மை, இருந்ததைப் பயன்படுத்தியது போதாது என்பதும் உண்மை.

இருந்தாலும் சபை என்ற ஒன்று இருப்பதால் மட்டும் இயங்கும் சில பாதுகாப்புகள் இருக்கின்றன.

முதலாவது, மாகாண நிரலில் உள்ள விடயங்களில் மத்திய அரசாங்கம் சட்டம் கொண்டுவந்தால் சகல மாகாண சபைகளிடமும் கருத்துக் கேட்கவேண்டும். ஒரு சபை உடன்படாவிட்டாலும் மூன்றில் இரண்டு தேவை. 2012இல் திவிநெகும சட்டமூலம் வந்தபோது வடக்கில் சபை இல்லை. வடக்கு ஆளுநர் சம்மதம் கொடுத்தார். ஆளுநரின் கருத்து சபையின் கருத்தாகாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அப்போது அரசாங்கத்திடம் மூன்றில் இரண்டு இருந்ததால் 2013 ஜனவரியில் அந்தச் சட்டம் நிறைவேறியது. மறுத்துச் சொல்ல ஒரு சபை இல்லாதபோது பாதுகாப்பு எவ்வளவு மெலிந்துபோகிறது என்பதற்கு அது ஓர் உதாரணம்.

இரண்டாவது, காணி. அரச காணியை எவருக்காவது பராதீனப்படுத்துவதானால் ஜனாதிபதி உரிய மாகாண சபையின் ஆலோசனையின் பேரில் செய்யவேண்டும் என்கிறது 13ஆவது திருத்தத்தின் காணி பற்றிய பின்னிணைப்பு. சபையே இல்லாத இடத்தில் ஆலோசனை எங்கிருந்து வரும்? மாகாணப் பிரதிநிதிகளும் இடம்பெறவேண்டிய தேசிய காணி ஆணைக்குழு இன்றுவரை அமைக்கப்படவில்லை. 2025 மார்ச்சில் வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணி தொடர்பாக, மூன்று மாதங்களுக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாகிவிடும் என்ற வர்த்தமானி அறிவித்தல் வெளிவந்தது. இடம்பெயர்வில் உறுதிகளைத் தொலைத்தவர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள், உரிமையாளரை இழந்த குடும்பங்கள் என்று பலர் கலங்கினார்கள். எதிர்ப்பும் வழக்கும் வந்த பிறகே அது மீளப்பெறப்பட்டது. அந்த மூன்று மாதங்களில் அதை விவாதிக்கவும் பதில் கேட்கவும் மாகாண மட்டத்தில் மக்கள் தெரிவுசெய்த ஒரு மன்றம் இருக்கவில்லை.

மூன்றாவது, குரல். 2015 பெப்ரவரி 10இல் வடக்கு மாகாண சபை இனப்படுகொலை தொடர்பான தீர்மானத்தை நிறைவேற்றியது. அதை ஏற்பவர் ஏற்கலாம், மறுப்பவர் மறுக்கலாம். ஆனால், அதைச் சொன்னது மக்கள் தெரிவுசெய்த சபை. ஒரு கட்சியின் அறிக்கைக்கும் ஒரு சபையின் தீர்மானத்துக்கும் உள்ள கனம் வேறு. ஆளுநர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், நம்மவராகவே இருந்தாலும், அவரை நியமிப்பவர் ஜனாதிபதி. அவர் பதவியில் இருப்பதும் ஜனாதிபதியின் விருப்பம் உள்ளவரைதான்.

13ஐ ஏற்பதா என்பது வேறு கேள்வி

13ஆவது திருத்தம் தீர்வாகாது, ஒற்றையாட்சிக்குள் அதை ஏற்பது பொறி என்று வாதிடுவோர் நம்மிடையே உண்டு. கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு மேலே போவோம் என்போரும் உண்டு. அந்த விவாதம் தொடரவேண்டும். ஆனால், தேர்தல் இல்லாத இன்றைய நிலை இந்த இரு தரப்பில் எவருடைய வெற்றியுமல்ல. சமஷ்டி வேண்டும் என்று மக்கள் ஆணை கேட்பவருக்கும் அந்த ஆணையைக் காட்ட மாகாண மட்டத்தில் ஒரு தேர்தல் வேண்டும்.

1987இல் இந்தத் திருத்தம் வந்தது. வடக்கு மக்களுக்குத் தெரிவுசெய்யப்பட்ட சபை இருந்த காலம், 1988 தேர்தலிலிருந்து 1990 வரை வடக்கு-கிழக்கு இணைந்திருந்த சபையின் இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவான காலமும் 2013 முதல் 2018 வரையான ஐந்து ஆண்டுகளும்தான். மொத்தம் ஏழு ஆண்டுகூட இல்லை.

முடிச்சை அவிழ்ப்பது சட்டரீதியாகச் சிரமமானதல்ல. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, பழைய விகிதாசார முறைப்படி தேர்தலை நடத்தலாம் என்று எழுதினால் போதும். அதற்கு அரசியலமைப்புத் திருத்தம் தேவையில்லை. எம்.ஏ.சுமந்திரனும் பின்னர் இரா.சாணக்கியனும் அதற்கான தனிநபர் சட்டமூலங்களை முன்வைத்தார்கள். ஒரே வருடத்துக்குள் தேர்தல் என்று 2024இல் வாக்குறுதி கொடுத்து வந்த அரசாங்கத்திடம் நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டுக்கும் மேற்பட்ட பலம் இருக்கிறது.

ஆகவே, இனி "எல்லை நிர்ணயம் முடியவில்லை" என்ற பதிலைக் கேட்கும்போது, அடுத்த கேள்வியையும் நாம் கையில் வைத்திருக்கவேண்டும்: பழைய முறைக்குத் திரும்பும் சட்டமூலம் எந்தத் திகதியில் நாடாளுமன்றத்துக்கு வருகிறது?